சண்டை ரிமோட்டில் இல்லை, ஜன்னலில்!

ஏ.சி. போட்ட ஆபீஸ்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். குளிர்காற்று வரும் வாயில் பழைய காலண்டர் அட்டை ஒன்றை செலோ டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். அது, நேர் கீழே உட்கார்ந்திருக்கும் அக்கவுன்ட்ஸ் மேடத்தின் ஏற்பாடு. அவர் நாற்காலி முதுகில் சித்திரை மாதத்திலும் ஒரு சால்வை தொங்கும். அதே ஹாலில், இருபதடி தள்ளி, மேற்குப் பக்கக் கண்ணாடி ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் சட்டைக் காலரைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, "சார், ரிமோட் எங்க? கொஞ்சம் பதினெட்டுல வைங்களேன்" என்பார். வைத்த அஞ்சாவது நிமிஷம் மேடம் எழுந்து வந்து இருபத்தாறுக்கு மாற்றுவார். இப்படியே நாள் முழுக்க ரிமோட் கை மாறிக்கொண்டிருக்கும். கரன்ட் பில் வந்ததும் முதலாளி இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவார்.

இதை இரண்டு மனிதர்களுக்குள் இருக்கும் தகராறாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். "அந்தம்மாவுக்குக் குளிர் ஒத்துக்காது", "அவருக்கு எப்பவுமே சூட்டு உடம்பு" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான் என்று யாரும் யோசிப்பதில்லை.

மார்கழி அதிகாலையில் வெந்நீர் அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். முகம் தகதகவென்று சுடும். முதுகு வெடவெடவென்று நடுங்கும். சுற்றியிருக்கும் காற்று என்னவோ ஒரே காற்றுதான். அடுப்பு தன் சூட்டை காற்றின் உதவி இல்லாமலே, நேராக முகத்தின் மேல் வீசுகிறது. மேற்குப் பார்த்த கண்ணாடி மதியம் மூன்று மணிக்கு அப்படி ஒரு அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றியுள்ள காற்று 24 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டும். ஆனால், அவர் உடம்பின் ஒரு பாதி, வெயிலையும் சுட்டுக்கிடக்கும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. ரிமோட்டில் 18 வைத்தால் கண்ணாடி குளிர்ந்துவிடாது. நடு ஹாலில் இருப்பவர்கள்தான் விறைத்துப் போவார்கள்.

ஆக, ரிமோட்டைப் பிடுங்கிப் பூட்டி வைப்பதில் பிரயோஜனமில்லை. ஜன்னலைக் கவனித்தால் சண்டை தானாக ஓய்ந்துவிடும். பில்லும் குறையும். கேட்பதற்கு ஏதோ வீட்டுக் குறிப்பு போலத் தோன்றும் இந்தக் கணக்கை நம்பி, உலகத்தின் மிகப் பிரபலமான கட்டடம் ஒன்று கோடிக்கணக்கான டாலரை இறக்கியது.

எண்பது வயதுக் கட்டடம்

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் பில்டிங் 1931-ல் திறக்கப்பட்டது. 102 மாடி. சுமார் நாற்பது வருஷம் உலகிலேயே உயரமான கட்டடம் என்ற பட்டம் அதனிடம்தான் இருந்தது. கிங்காங் ஏறிய கட்டடம் என்றால் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால், அது அடிப்படையில் ஒரு வாடகைக் கட்டடம். உள்ளே இருப்பவை ஆபீஸ்கள். 2000-க்குப் பிறகு அதற்கு வயது தெரிய ஆரம்பித்தது. குளிரூட்டும் இயந்திரங்கள் பழசு. ஜன்னல் ஓரத்தில் குளிர்காலத்தில் ஒரு அவஸ்தை, கோடையில் ஒரு அவஸ்தை. மின்சாரம், நீராவி என்று ஆண்டுக்கு சுமார் 1.1 கோடி டாலர் எரிசக்திக்கே போய்க்கொண்டிருந்தது.

உரிமையாளர் தரப்பில் ஆன்டனி மால்கின் கட்டடத்தைப் புதுப்பிக்க 50 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கி ஒரு பெரிய திட்டம் வைத்திருந்தார். எரிசக்தியை மிச்சம் பிடிக்கும் வேலையையும் அதனுடன் சேர்த்துச் செய்யலாம் என்ற யோசனை வந்தபோது, பில் கிளின்டனின் பருவநிலை அமைப்பு, ராக்கி மவுன்டன் இன்ஸ்டிட்யூட், ஜான்சன் கன்ட்ரோல்ஸ், ஜோன்ஸ் லாங் லாசால் ஆகியவை சேர்ந்துகொண்டன. மால்கின் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். இது தர்மக் காரியமாக இருக்கக் கூடாது, கணக்குப் போட்டால் லாபம் வர வேண்டும். லாபம் வந்தால்தான் அடுத்த கட்டடக்காரர் காப்பியடிப்பார். எண்பது வயதுக் கட்டடத்தில் லாபம் வரவில்லை என்று தெரிந்துவிட்டால், பழைய கட்டடங்களை இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வகையில், பந்தயம் ஒரு கட்டடத்தோடு முடிகிற பந்தயம் இல்லை.

அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளை எடுத்து, கழித்துக் கழித்து, கடைசியில் எட்டில் வந்து நின்றார்கள். அதில் முதல் வேலை ஜன்னல்.

மொத்தம் 6,514 ஜன்னல்கள். எல்லாமே ஏற்கெனவே இரட்டைக் கண்ணாடி போட்டவை. புதுசாக வாங்கி மாட்டுவதுதான் வழக்கமான வழி. இவர்களோ கட்டடத்தின் அஞ்சாவது மாடியையே ஒரு சின்னத் தொழிற்சாலையாக மாற்றினார்கள். ஆபீஸ் ஆட்கள் கிளம்பிப் போன பிறகு இரவில் ஜன்னல்களைக் கழற்றி அங்கே கொண்டுவருவார்கள். இரண்டு கண்ணாடியையும் பிரித்துச் சுத்தம் செய்து, நடுவில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ஒளிபுகும் ஃபிலிம் ஒன்றை இழுத்துக் கட்டி, இடைவெளியில் வாயுவை நிரப்பி, மறுபடி மூடி, கொண்டுபோய் மாட்டிவிடுவார்கள். காலையில் வருகிறவர்களுக்கு எதுவும் நடந்த சுவடு தெரியாது. பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவீதம் அப்படியே மறுபடி பயன்பட்டது. குப்பைக்குப் போக வேண்டிய லாரிகள் போகவில்லை.

அடுத்த வேலை இன்னும் எளிமையானது. அங்கே குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் இருக்கும். அதன் சூட்டில் ஒரு பங்கு பின்னாலிருக்கும் சுவர் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதாவது, காசு கொடுத்து வாங்கிய நீராவியை வைத்து மன்ஹாட்டன் தெருவைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள்! ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியேட்டர்களுக்குப் பின்னால், சூட்டைத் திருப்பி அனுப்பும் தகடு ஒன்றைச் செருகினார்கள். அவ்வளவுதான். கூடவே விளக்குகளையும் மாற்றி, பகல் வெளிச்சம் வரும் இடத்தில் விளக்கு தானாக மங்கும்படி செய்யும் ஏற்பாட்டைத் திட்டத்தில் சேர்த்தார்கள்.

இந்த இடத்தில்தான் கதையின் முக்கியமான திருப்பம். ஜன்னலும் விளக்கும் சரியானதும், கட்டடத்துக்குத் தேவையான குளிர்ச்சி மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கு வந்தது. 1,600 டன்!

'டன்' என்றால் என்ன?

ஏ.சி. கடையில் "ஒண்ணரை டன் போதுமா, ரெண்டு டன் வேணுமா?" என்று கேட்பார்கள். மெஷினின் எடை ஒண்ணரை டன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு எதன் எடை? ஐஸின் எடை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. இயந்திரம் வருவதற்கு முன்னால் ஐஸ் வைத்துக் குளிர வைத்த காலத்தின் மிச்சம் அந்த வார்த்தை. சென்னைக்கு அது அந்நியமும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸ்கட்டிகளைக் கப்பலில் ஏற்றி, மரத்தூளில் புதைத்து, மெட்ராஸுக்குக் கொண்டுவந்து விற்றது டியூடர் கம்பெனி. அதைச் சேமித்து வைத்த வட்டக் கட்டடம் மெரினாவுக்கு எதிரே இன்றும் இருக்கிறது. இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டருக்கு இப்பவும் அது 'ஐஸ் ஹவுஸ்'தான்.

1,600 டன் என்பது வீட்டு ஒண்ணரை டன் ஏ.சி. ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்த குளிர்ச்சி. அவ்வளவு தேவையே இல்லை என்று ஆனதும் என்ன நடந்தது? பழைய குளிரூட்டும் இயந்திரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னும் பெரிதாக வாங்குவதாக இருந்த திட்டம் ரத்தானது. வெளிக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே உள்ளதை மட்டும் மாற்றினால் போதும் என்றானது. அதில் மட்டும் 1.7 கோடி டாலர் மிச்சம். ஜன்னலுக்கும் மற்றவற்றுக்கும் ஆன செலவில் பெரும் பங்கை, வாங்காமல் விட்ட மெஷினே கொடுத்துவிட்டது.

புதுப்பிக்கும் திட்டத்துக்கு எப்படியும் ஆகப்போகிற செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்த எரிசக்தி வேலைக்கென்று கூடுதலாக ஆனது 1.32 கோடி டாலர். எல்லாம் முடிந்த பிறகு ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிச்சமாகும், எரிசக்திச் செலவு 38 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். மூன்றே வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். ஜான்சன் கன்ட்ரோல்ஸ் இவ்வளவு மிச்சமாகும் என்று எழுத்துபூர்வமாக உத்தரவாதம் கொடுத்திருந்தது. வாடகைதாரர்களின் பகுதிகள் முழுக்க முடியாத நிலையிலேயே, முதல் வருஷத்தில் 24 லட்சம் டாலர் மிச்சம். உத்தரவாதத்தைவிட 5 சதவீதம் கூடுதல்.

இதில் பெரிய விஞ்ஞானக் கண்டுபிடிப்பு எதுவுமில்லை. வரிசைதான் விஷயம். முதலில் சுமையைக் குறைத்தார்கள், பிறகுதான் மெஷின் பக்கம் போனார்கள். அவசரப்பட்டு மெஷினை முதலில் வாங்கியிருந்தால், ஜன்னலைச் சரிசெய்த பிறகு தேவைக்கு மிஞ்சிய ராட்சச மெஷின் ஒன்று அடித்தளத்தில் சும்மா உறுமிக்கொண்டிருந்திருக்கும்.

நம்மூரில் வரிசை தலைகீழ்

இங்கே நடப்பது என்ன? சித்திரை வெயில் ஆரம்பித்ததும், "ஏ.சி. பத்தலை" என்று புகார் வரும். ஏ.சி. கடைக்காரருக்கு போன் போகும். அவர் வந்து சுற்றிப் பார்த்து, "இன்னொரு ரெண்டு டன் போட்டுடலாம் சார்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. டெய்லரிடம் போனால் சட்டை தைக்கத்தான் சொல்வார். மொட்டை மாடியில் கால் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு என்ன வந்தது?

ஆனால், ஒரு எச்சரிக்கை. நியூயார்க்கில் செய்ததை அப்படியே சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுவந்தால் காசு வீண். அங்கே ஜனவரியில் வெளியே உறைபனி, உள்ளே 20 டிகிரிக்கு மேல். அந்த வித்தியாசத்தைத் தாங்க வாயு நிரப்பிய ஜன்னல் அவசியம். இங்கே வெளியே 36, உள்ளே 25 என்றால் வித்தியாசம் 11 டிகிரிதான். நம்மூர்க் கட்டடத்தின் முதல் எதிரி நேராக அடிக்கும் வெயில். அதற்கு மருந்து நிழல்.

இன்னொன்றும் இருக்கிறது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்தாக வேண்டும். உள்ளே அழகான திரைச்சீலையோ பிளைண்ட்ஸோ போட்டால் கண்கூச்சம் போகும். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டில் பெரும்பகுதி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஹாலுக்குள்தான் இறங்கும். வெளியே தொங்கும் மூங்கில் தட்டியும், நர்சரிக்காரர் போடும் பச்சை வலையும் விலையுயர்ந்த திரையைவிட நன்றாக வேலை செய்யும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று நினைப்பவர்களுக்கு அலுமினியப் பட்டைகள் கிடைக்கின்றன. வெளியே எதையும் மாட்ட முடியாத கண்ணாடி மாளிகை என்றால், வெப்பத்தைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது அடுத்த வழி.

சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் அகலமான தாழ்வாரங்களை வைத்துக் கட்டியவர்களுக்கு ஏ.சி. தெரியாது, வெயிலைத் தெரிந்திருந்தது. தாழ்வாரத்தை எல்லாம் அடைத்து இன்னும் இரண்டு மேஜை போட்டது பின்னால் வந்தவர்களின் சாமர்த்தியம்!

எந்தப் பக்கத்து ஜன்னலை முதலில் கவனிப்பது? சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் ஒருமுறையும், ஆகஸ்ட் 18 வாக்கில் ஒருமுறையும் சூரியன் உச்சிக்கு நேர் மேலே நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. இந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட கிட்டத்தட்ட நான்கு மாதமும் உச்சி வெயில் சற்றே வடக்கிலிருந்து அடிக்கிறது. 'வடக்குப் பக்கம் வெயிலே வராது' என்பது டெல்லிக்காரருக்குப் பெரும்பாலும் பொருந்தும், சென்னைக்காரருக்குப் பொருந்தாது. ஆனாலும், உச்சியில் இருக்கும் சூரியனை ஒரு சின்ன சன்ஷேடே சமாளித்துவிடும். மேற்குச் சூரியன்தான் வில்லன். மாலையில் தாழ்ந்து வந்து, எவ்வளவு நீள சன்ஷேடு போட்டாலும் அதற்குக் கீழே புகுந்து மேஜை வரைக்கும் வந்துவிடும். ஆகவே, மேற்குப் பக்கத்துக்குத் தொங்கும் தட்டிதான் சரி. மேஜைகளை இடம் மாற்றி, மேற்கு ஓரத்தில் ஃபைல் பீரோக்களை வைத்தாலும் தப்பில்லை. பீரோ ரிமோட் கேட்காது.

மேல் மாடி ஆட்களுக்கு ஜன்னலைவிடக் கூரைதான் பிரச்னை. நாள் முழுக்க வெயில் வாங்கும் ஒரே பரப்பு அது. அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கனமாக இருந்ததால் சூடு இறங்க நேரமாகும். இப்போதைய மெல்லிய கான்கிரீட்டில் அந்தப் பாக்கியமில்லை. மதியம் ஏறும் சூடு ராத்திரி பத்து மணிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். வெள்ளை நிறக் கூல் ரூஃப் பெயின்ட் அல்லது வெள்ளை ஓடு பதிப்பது இதற்கு நேரான வைத்தியம். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பெயின்ட் வெயிலில் எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஒரு புது ஏ.சி. வாங்குவதற்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துப் பார்க்கலாமே என்று சொல்ல எந்த ஆபீஸிலும் ஆள் இல்லை என்பதுதான் வேடிக்கை.

விளக்குக்கு இரண்டு கணக்கு உண்டு. பழைய ட்யூப் லைட் சோக்கோடு சேர்த்து ஐம்பது வாட் வரை இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. இருபது வாட். மிச்சம் முப்பது வாட் என்று நிறுத்திவிடுவார்கள். ஆனால், விளக்கு இழுத்த கரன்ட் எல்லாம் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ளும் வேலை ஏ.சி.க்கு. சாதாரணமாக மூன்று யூனிட் சூட்டை வெளியேற்ற ஏ.சி. ஒரு யூனிட் செலவழிக்கும். அதனால் ஏ.சி. ஹாலில் விளக்கில் மூன்று யூனிட் மிச்சம் பிடித்தால், இன்னொரு யூனிட் கொசுறாகக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான ஸ்பாட் லைட்டுகளை எரியவிட்டு, அந்தச் சூட்டை இறக்க ஏ.சி.யும் போடும் ஜவுளிக்கடைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருந்தும். வாசல் கதவை விரியத் திறந்து வைத்து, தெருவில் போகிறவர்களுக்குக் குளிர்காற்று வீசி வரவேற்பது தனிக் கதை. அதற்குப் பெயர் விளம்பரச் செலவு என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளி யூனிட்டுகளையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். நான்கடிச் சந்தில், ஒன்றின் மேல் ஒன்றாக எட்டுப் பத்து யூனிட்டுகளை அடுக்கியிருப்பார்கள். ஒன்று விடும் அனல்மூச்சை அடுத்தது இழுக்கும். வெளியே 36 டிகிரி என்று வானிலை அறிக்கை சொன்னாலும், அந்தச் சந்தில் மெஷின் சுவாசிப்பது அதைவிடப் பல டிகிரி அதிகமான காற்றை. எத்தனை ஸ்டார் மெஷின் வாங்கினாலும் அங்கே ஸ்டார் எல்லாம் உதிர்ந்துவிடும். யூனிட்டுகளைக் கொஞ்சம் பிரித்து வைத்து, மேலே நிழல் போட்டு, தூசு படிந்த கம்பிவலையைத் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும்.

பெரிய மெஷின் போட்டால் சுகமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் நம்மூரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கடலோர ஊர்களில் அது பொய். இங்கே வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்துதான் வாட்டுகிறது. தேவைக்கு மேல் பெரிதான சாதாரண மெஷின் சட்டென்று குளிர வைத்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுக்க அதற்கு அவகாசம் இருக்காது. அறை சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். பிசுபிசுப்புக்காக இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள். அதோடு அக்கவுன்ட்ஸ் மேடத்தின் சால்வை இரண்டாக மடியும்.

சால்வைக்கு ஒரு சரித்திரம்

ஆபீஸ் ஏ.சி.யில் பெண்களுக்குக் கூடுதலாகக் குளிர்வதற்கு 2015-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரணத்தை எடுத்துக்காட்டினார்கள். எத்தனை டிகிரி சுகமானது என்று கணக்கிட உலகம் முழுக்கப் பயன்படும் சூத்திரம் 1960-களில் உருவானது. மனித உடம்பு எவ்வளவு சூட்டை உண்டாக்கும் என்பதற்கு அதில் வைத்திருக்கும் அளவு, சுமார் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் அளவு! மேஜை வேலை செய்யும் பெண்களின் உடம்பு அதைவிடக் குறைவான சூட்டையே உண்டாக்குகிறது. கோட்டு சூட்டு போட்ட ஒரு நடுத்தர வயது ஐரோப்பியருக்காகத்தான் உலகமெங்கும் குளிர வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால் அது முழுக்க மிகையில்லை.

இந்தியர்களுக்கு எத்தனை டிகிரி சுகம்? அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தினர் சென்னை, பெங்களூரு, டெல்லி, அகமதாபாத், சிம்லா ஆகிய ஐந்து ஊர்களில் 16 ஆபீஸ் கட்டடங்களில் மூன்று பருவங்களிலும் ஊழியர்களைக் கேட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள். வெளியே வெப்பம் கூடக்கூட, உள்ளேயும் சற்றுக் கூடுதல் வெப்பத்தை இந்தியர்கள் சுகமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது தெரியவந்தது. வெளிநாட்டுச் சூத்திரம் சொல்லும் அளவுக்குக் குளிர வைக்கத் தேவையில்லை.

மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பீ.இ.இ., ஏ.சி.யை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏ.சி.களை ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. கூடவே சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 26, 27 டிகிரி கூட இதமாகவே இருக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு முப்பது, முப்பத்தைந்து வாட் போதும். ஏ.சி. வந்துவிட்டது என்று ஃபேனையெல்லாம் கழற்றி, ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிய ஆபீஸ்கள்தான் இங்கே தவிக்கின்றன. சுவரில் மாட்டும் ஃபேன் அவர்களுக்கு ஒரு வழி.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் மதியம் மூன்று மணிக்கு ஆபீஸே கொட்டாவி விடும். ஆட்கள் விடும் மூச்சு வெளியேற வழி வேண்டும். எம்பயர் ஸ்டேட்டில் கரியமில வாயுவை அளக்கும் சென்சார்களை வைத்து, ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும் வெளிக்காற்றை உள்ளே விட ஏற்பாடு செய்தார்கள். சின்ன ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து வைப்பது அதன் ஏழைச் சகோதரன்.

யார் வீட்டு ஜன்னல்?

இவ்வளவும் தெரிந்த பிறகும் பெரும்பாலான கட்டடங்களில் ஒன்றும் நடப்பதில்லை. காரணம் பொறியியல் இல்லை, வாடகை அக்ரிமென்ட்.

கட்டட ஓனரிடம் போய் மாடிக்கு வெள்ளை அடிக்கச் சொன்னால், "கரன்ட் பில் நீங்கதானே கட்டறீங்க? நான் எதுக்குச் செலவு பண்ணணும்?" என்பார். வாடகைக்கு இருப்பவரிடம் சொன்னால், "பதினோரு மாச அக்ரிமென்ட். அவர் மாடிக்கு நான் ஏன் பெயின்ட் அடிக்கணும்?" என்பார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு நடுவில்தான் வெயில் புகுந்துவிடுகிறது. எம்பயர் ஸ்டேட்டிலும் இதே சிக்கல் இருந்தது. மிச்சமாகக்கூடிய எரிசக்தியில் பாதிக்கும் மேல் வாடகைதாரர்களின் பகுதிகளில்தான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனி மீட்டர், யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று அவர்களே கம்ப்யூட்டரில் பார்க்கும் வசதி, புதிதாக வருகிறவர் ஆபீஸை அமைக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் என்று மெதுவாகத்தான் அதை அவிழ்த்தார்கள்.

இங்கேயும் பேச்சை ஆரம்பிக்க ஒரு காகிதம் போதும். பன்னிரண்டு மாத யூனிட்டுகளைக் கூட்டி, கட்டடத்தின் சதுர அடியால் வகுத்துப் பார்த்தால் ஒரு எண் கிடைக்கும். பீ.இ.இ. ஆபீஸ் கட்டடங்களுக்கு ஸ்டார் கொடுப்பது கிட்டத்தட்ட இந்த எண்ணை வைத்துத்தான். மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் இந்த எண் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் கூரையின் பங்கு ஓனருக்கே தெரிந்துவிடும். ராத்திரி ஷட்டர் இறக்கும்போதும், காலையில் திறக்கும்போதும் மீட்டரைக் குறித்துவைப்பது இன்னொரு சோதனை. யாருமே இல்லாத பத்து மணி நேரத்தில் ஓடிய யூனிட்டுகள் பல முதலாளிகளைத் திடுக்கிட வைக்கும். அணைக்காத கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன், தண்ணீர் கூலர், ஸ்டாண்ட்பையில் கிடக்கும் பிரின்டர், பெயர்ப்பலகை விளக்கு என்று வரிசையாக வெளியே வரும்.

அதன் பிறகு, ஐந்து வருஷம் இருப்பேன் என்று வாடகைதாரரும், பெயின்ட் செலவில் பாதி என்னுடையது என்று ஓனரும் அக்ரிமென்ட்டில் ஒரு வரி சேர்க்க முடிந்தால் வேலை ஆரம்பித்துவிடலாம். பெரிய கட்டடம் என்றால், மிச்சமாகும் பணத்திலிருந்தே கூலியை எடுத்துக்கொள்ளும் 'எஸ்கோ' கம்பெனிகளும் இந்தியாவில் இருக்கின்றன. எம்பயர் ஸ்டேட்டில் செய்ததுபோல் எழுத்துபூர்வமான உத்தரவாதத்தை அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

மாடிக்கு வெள்ளை அடிப்பதானால் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, விரிசல்களைப் பூசி, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, தை மாதத்தில் அடிப்பது நல்லது. பங்குனி வெயிலுக்குள் தயாராகிவிடும். தூசு படிந்தால் அதன் பளிச்சிடும் சக்தி குறைந்துவிடும் என்பதால், மாதம் ஒருமுறை பெருக்கிக் கழுவிவிட ஓர் ஆளையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.